பாதியில நின்ன ரைட்: எக்ஸ்எஃப்எஸ் ரோல்பேக் கோடுல என்ன தப்பு இருந்துச்சு, எப்படி சரி பண்ணாங்க

லினக்ஸ்ல இருக்கற ஃபைல் சிஸ்டங்கள்ல ஒண்ணு எக்ஸ்எஃப்எஸ். அத டீபக் ஆப்ஷன் போட்டு பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுறப்ப வரக்கூடிய ஒரு கிராஷ் இருக்கு. ஒரு ஐநோட, அதாவது ஒரு ஃபைல பத்தின விவரத்த கெர்னல் வச்சிருக்கற பதிவ, மெமரிலேர்ந்து வெளிய அனுப்புற நேரத்துல, இந்த ஐநோடோட டேட்டா ஃபோர்க்ல (டேட்டா எந்தெந்த பிளாக்லங்கற லிஸ்ட்) இன்னும் டெலாலாக் எக்ஸ்டென்ட் பாக்கி இருக்குன்னு லாக்ல ஒரு வரி விழும், அடுத்தது அசர்ட் (இது இப்படித்தான் இருக்கணும்னு கோடுக்குள்ள வச்சிருக்கற செக்) ஃபெயில், கெர்னல் அங்கயே விழும். ஸ்டேக் ட்ரேஸ, அதாவது எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுங்கற வரிசைய, எடுத்து பாத்தா அதுல ரைட் சம்பந்தமா ஒண்ணுமே இருக்காது, ஐநோட க்ளீன் பண்ற கோடு மட்டும்தான் தெரியும். புதுசா பாக்கறவங்க அந்த க்ளீனப் கோட நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா தப்பு நடந்தது எப்பவோ, எங்கயோ, பாதியில நின்னு போன ஒரு ரைட்ட திருப்பி எடுக்கற (ரோல்பேக்) இடத்துல. ரோல்பேக் கோடுல வர்ற பக் முக்காவாசி இப்படித்தான், தப்பு பண்ற இடம் ஒண்ணு, விழுற இடம் வேற, நடுவுல எவ்வளவு நேரம் வேணா ஓடியிருக்கலாம்.

இத புரிஞ்சுக்க முதல்ல டெலாலாக்னா என்னன்னு பாக்கணும். நம்ம ப்ரோகிராம் ரைட் கால் போட்டதும் டேட்டா நேரா டிஸ்க்குக்கு போறதில்ல, பேஜ் கேஷ்ல (ஃபைல் டேட்டாவ மெமரியில வச்சிருக்கற இடம்) காப்பி ஆகி டர்ட்டி, அதாவது இன்னும் டிஸ்க்குக்கு போகலன்னு மார்க் ஆகும், அவ்வளவுதான். டிஸ்க்ல எந்த பிளாக்ல உக்கார வைக்கறதுங்கற முடிவ எக்ஸ்எஃப்எஸ் அப்போதைக்கு எடுக்காது, பின்னாடி ரைட்பேக், அதாவது டர்ட்டி பேஜ டிஸ்க்குக்கு எழுதற வேலை, நடக்கறப்பதான் எடுக்கும், ஏன்னா அதுக்குள்ள ஃபைல் இன்னும் வளந்திருந்தா மொத்தமா ஒரே நீளத் துண்டா இடம் குடுக்க முடியும். ஆனா பின்னாடி பாத்துக்கலாம்னு விட்டுட்டு கடைசியில டிஸ்க்ல இடமே இல்லன்னா அசிங்கம், அதனால ரைட் நடக்கறப்பவே ஃப்ரீ ஸ்பேஸ் கணக்குலேர்ந்து அவ்வளவு பிளாக்க கழிச்சு ரிசர்வ் பண்ணி வச்சுக்கும். இந்த ரிசர்வேஷன்தான் டெலாலாக் (டிலேய்டு அலொகேஷன்) எக்ஸ்டென்ட், எக்ஸ்டென்ட்னா தொடர்ச்சியான பிளாக் துண்டு. இது டிஸ்க்ல எங்கயும் இல்ல, மெமரியில இருக்கற கணக்கு மட்டும்.

இப்ப ஒரு த்ரெட் 64 கேபி எழுத வருதுன்னு வைங்க. எக்ஸ்எஃப்எஸ் 64 கேபிக்கும் மொத்தமா ரிசர்வ் பண்ணிடுச்சு. ஒவ்வொரு பேஜா காப்பி பண்ணிட்டே வந்து 16 கேபியில நின்னு போச்சு, யூசர் பஃபர் இருந்த மெமரி அன்மேப் ஆயிருக்கலாம், இல்ல புது பேஜுக்கு மெமரி கிடைக்காம போயிருக்கலாம். மீதி 48 கேபி ரிசர்வேஷன் அனாமத்தா கிடக்கு. அத திருப்பி குடுக்கலன்னா அந்த எக்ஸ்டென்டுக்கு மேல டர்ட்டி பேஜே இல்ல, ரைட்பேக் அந்தப் பக்கம் எட்டியும் பாக்காது, ஐநோட் வெளிய போற வரைக்கும் அப்படியே கிடந்து கடைசியில மேல சொன்ன அசர்ட்ல போய் முட்டும். டீபக் இல்லாத சாதாரண கெர்னல்ல அசர்ட் கிடையாது, அதனால கிராஷும் கிடையாது, ஆனா கழிச்ச பிளாக் திரும்ப கணக்குல சேராது, காலி இடம் குறைச்சலாவே காட்டும். என்னை கேட்டா இதுதான் கிராஷ விட மோசம், ஏன்னா ஒருத்தருக்கும் தெரியாம நடக்குது.

சரி, மீதிய திருப்பி குடுத்துடலாம், இதுல என்ன கஷ்டம்னு தோணும். முதல் கஷ்டம் எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுங்கறதே. ரைட் கணக்கு பைட்ல, ரிசர்வேஷன் கணக்கு பிளாக்ல. பிளாக் சைஸ் 4096னு வைங்க, 0லேர்ந்து ஆரம்பிச்சு 5000 பைட் எழுதி நின்னுச்சுன்னா ரெண்டாவது பிளாக் பாதி யூஸ் ஆயிடுச்சு, அத தொடக்கூடாது, மேல ரவுண்ட் பண்ணி 8192லேர்ந்துதான் எடுக்கணும். ஆனா ஒரு பைட் கூட எழுதாம நின்னுச்சுன்னா கணக்கு தலைகீழ், ஆரம்ப ஆஃப்செட் பிளாக்கோட நடுவுல இருந்தாலும் கீழ ரவுண்ட் பண்ணி அந்த பிளாக்கையும் சேத்து எடுக்கணும், இல்லன்னா அந்த ஒரு பிளாக் மட்டும் அனாமத்தா நின்னுடும். எக்ஸ்எஃப்எஸ் கோடுல இதுக்குன்னே தனியா ஒரு இஃப் இருக்கு, பக்கத்துல கமென்ட்டும் இருக்கு. ஒரு பக்கம் தப்பா ரவுண்ட் பண்ணா எழுதின டேட்டா போச்சு, இன்னொரு பக்கம் தப்பா பண்ணா லீக்.

பைட் கணக்குல வர்ற தப்புக்கு இன்னொரு நிஜ உதாரணம். எக்ஸ்எஃப்எஸ்லேர்ந்து பிரிச்சு எடுத்து பல ஃபைல் சிஸ்டமும் யூஸ் பண்ற மாதிரி செஞ்ச ஐஓமேப்னு ஒரு லேயர் கெர்னல்ல இருக்கு, அதுலயும் ரைட் ஃபெயில் ஆனா க்ளீன் பண்ற ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கு, ஃபைல் சைஸுக்கு அப்பால புதுசா போட்ட பேஜ மட்டும் கேஷ்லேர்ந்து தூக்கறதுதான் அதோட வேலை. பேஜ் கேஷ வெட்டற ஃபங்ஷன் கடைசி பைட்டோட ஆஃப்செட்ட கேக்கும், இந்த கோடு அதுக்கு அடுத்த பைட்ட குடுத்துட்டு இருந்துச்சு. ஒரு மைனஸ் ஒண்ணு காணோம், அவ்வளவுதான். 2022ல கெர்னல் டெவலப்பர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாக்கர் அத பாத்து ஒரே வரியில சரி பண்ணார். சைஸுக்கு அப்பால இருக்கற பகுதிங்கறதால யார் டேட்டாவும் அங்க இல்ல, அதனாலதான் யார் கண்ணுலயும் படாம இருந்திருக்கும்னு நினைக்கறேன்.

இனிமேதான் மெயின் மேட்டர். திருப்பி எடுக்கற அந்த 48 கேபி இன்னும் நம்மளோடதுதானா? பந்தியில நம்ம வீட்டு ஆளுங்களுக்குன்னு வரிசையா இலை போட்டு வச்சோம், பாதி பேர் வரல, சரி மீதி இலைய எடுத்துடலாம்னு போறோம், ஆனா அதுக்குள்ள நடுவுல ஒரு இலையில யாரோ உக்காந்து சாப்பிடவே ஆரம்பிச்சுட்டார். இலை போட்டது நாமதான், ஆனா இப்ப அத உருவ முடியாது. ஃபைல் சிஸ்டத்துல அப்படி வந்து உக்கார்ற ஆள் எம்மேப், அதாவது ஃபைல ப்ரோகிராமோட மெமரியில மேப் பண்ணி ரைட் கால் இல்லாமலே எழுதற வழி. அதே ஃபைல எம்மேப் பண்ணி வச்சிருக்கற இன்னொரு த்ரெட் 20 கேபியில இருக்கற பேஜ்ல ஒரு பைட் எழுதுது, பேஜ் ஃபால்ட் (அந்த பேஜ தொட்டதும் கெர்னலுக்கு போற அழைப்பு) வருது, எக்ஸ்எஃப்எஸ் பாக்குது, அந்த இடத்துக்கு ஏற்கனவே டெலாலாக் ரிசர்வேஷன் இருக்கே, புதுசா எடுக்க வேண்டாம்னு விட்டுட்டு பேஜ டர்ட்டின்னு மட்டும் மார்க் பண்ணிடுது. ரிசர்வ் பண்ணது முதல் த்ரெட், ஆனா அத நம்பி டேட்டா வச்சிருக்கறது ரெண்டாவது த்ரெட்.

பழைய ரோல்பேக் கோடு இங்க என்ன பண்ணுச்சுன்னா, எழுதாத பகுதி முழுசுக்கும் பேஜ் கேஷ வெட்டி எறிஞ்சுட்டு அப்புறம் டெலாலாக்க பன்ச் பண்ணுச்சு, அதாவது அந்த ரிசர்வேஷன எடுத்து விட்டுச்சு. டெலாலாக்க பன்ச் பண்ற ஃபங்ஷன் ஓரளவு புத்திசாலி, நடுவுல ரைட்பேக் வந்து ஒரு பகுதிய நிஜ பிளாக்கா மாத்தியிருந்தா அத தொடாது, டெலாலாக்கா இருக்கறத மட்டும்தான் எடுக்கும். ஆனா பேஜ் கேஷ வெட்டறதுக்கு அந்த பாகுபாடு கிடையாது, யார் எழுதின டேட்டான்னு அதுக்கு தெரியாது. ரெண்டாவது த்ரெட்டோட டேட்டா காலி, அதுக்கு எந்த எரரும் போகாது. சரி பேஜ வெட்டாம டெலாலாக்க மட்டும் எடுத்துடலாமான்னா அதுவும் ஆபத்து, டர்ட்டி பேஜ் இருக்கும் ஆனா அதுக்கு அடியில ரிசர்வேஷன் இருக்காது, ரைட்பேக் வந்து பாத்தா வெறும் ஓட்டை (பிளாக்கே இல்லாத இடம்), ஓட்டைக்கு எழுத ஒண்ணுமில்லன்னு தாண்டி போயிடும், மறுபடி டேட்டா காலி.

லாக் போட்டு தடுத்திருக்கலாமேன்னு கேட்டா, ரைட் பண்ற த்ரெட் ஐநோட் லாக்க எக்ஸ்க்ளூசிவா பிடிச்சுட்டுதான் இருக்கு. இன்னொரு ரைட் உள்ள வர முடியாது, ஆனா பேஜ் ஃபால்ட் அந்த லாக்க எடுக்கறதே இல்ல, எடுக்கவும் கூடாது. ஏன்னா ரைட் பண்றவன் ஐநோட் லாக்க வச்சுக்கிட்டே யூசர் மெமரிய தொடறான், அங்க ஃபால்ட் வந்தா எம்எம் லாக் (ப்ராசஸோட மெமரி மேப்ப காக்கற லாக்) வேணும், ஃபால்ட் பண்றவனோ எம்எம் லாக்கோட வந்து நிக்கறான், அவன் போய் ஐநோட் லாக்க கேட்டா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு காலம் பூரா நிக்க வேண்டியதுதான். இதுக்காகத்தான் எக்ஸ்எஃப்எஸ் எம்மேப்லாக்னு தனியா ஒண்ணு வச்சிருந்துச்சு, 2021ல கெர்னல் டெவலப்பர் யான் காரா அந்த ஐடியாவ எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் பொதுவா இன்வாலிடேட் லாக்குன்னு 5.15 கெர்னல்ல கொண்டு வந்தார். ஃபால்ட் அத ஷேர்டா எடுக்கும், ட்ரங்கேட் (ஃபைல வெட்டி சுருக்கறது), ஹோல் பன்ச் (நடுவுல இருக்கற பிளாக்க எடுத்துடறது) மாதிரி வேலைங்க எக்ஸ்க்ளூசிவா எடுக்கும். ஆனா ரைட் ஃபெயில் ஆன ரோல்பேக் அத எடுக்காமலே பேஜ் கேஷ வெட்டிட்டு இருந்துச்சு.

இவ்வளவு பெரிய தப்பு எப்படி கண்ணுல படாம இருந்துச்சுன்னா, பாதியில நிக்கற ரைட்டுங்கறதே ரொம்ப அபூர்வம், அதுவும் அதே நேரத்துல அதே இடத்துல எம்மேப் எழுதணும்னா இன்னும் அபூர்வம். 2022ல இது வெளிய வந்ததுக்கு காரணமே வேற ஒரு தப்ப சரி பண்ண போனதுதான், எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச பகுதி இது.

அந்த இன்னொரு பக் இப்படி. ஐஓமேப் பேஜுக்கு பேஜ் ஃபைல் சிஸ்டத்த கேக்காது, ஒரு தடவை மேப்பிங் (ஃபைலோட எந்த பகுதி டிஸ்க்ல எங்க, எந்த நிலையில இருக்குங்கற தகவல்) கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு அந்த நீளம் முழுசுக்கும் பேஜ் பேஜா ஓடும், வேகமே அதுலதான் இருக்கு. மேப்பிங்ல இந்த இடம் அன்ரிட்டன், அதாவது ஒதுக்கியிருக்கு ஆனா இன்னும் எழுதலன்னு வருதுன்னு வைங்க. ஆனா அந்த நீளத்தோட கடைசி பேஜ்ல வேற த்ரெட் ஏற்கனவே எழுதின டேட்டா டர்ட்டியா உக்காந்திருக்கு. நாம முன்னாடி பேஜெல்லாம் எழுதிட்டு வர்றதுக்குள்ள மெமரி தட்டுப்பாடு, ரைட்பேக் அந்த கடைசி பேஜ டிஸ்க்ல எழுதிடுச்சு, எக்ஸ்டென்ட் ரிட்டன்னு மாறிடுச்சு, பேஜ் க்ளீன் ஆனதால ரிக்ளெய்ம் (மெமரிய காலி பண்ற வேலை) அதையும் தூக்கிடுச்சு. இப்ப நாம அங்க வர்றோம், பேஜ் கேஷ்ல இல்ல, நம்ம கையில இருக்கற பழைய மேப்பிங் அன்ரிட்டன்னு சொல்லுது, அப்ப டிஸ்க்லேர்ந்து படிக்க வேண்டியதில்ல, நாம எழுதாத மீதி பேஜ ஸீரோவால நிரப்பிடலாம்னு நிரப்பிடறோம். பக்கத்து த்ரெட்டோட டேட்டா மேல ஸீரோ. ஒரு கஸ்டமர் வொர்க்லோட்ல நிஜமாவே இப்படி டேட்டா கெட்டு போய்தான் எக்ஸ்எஃப்எஸ் டெவலப்பர் டேவ் சின்னர் இத தோண்ட ஆரம்பிச்சார்.

அதுக்கு அவர் கொண்டு வந்த வழி, மேப்பிங் குடுக்கறப்பவே ஒரு சீக்வன்ஸ் நம்பர சேத்து குடுக்கறது. எக்ஸ்டென்ட் லிஸ்ட் மாறினா நம்பரும் மாறும். ஒவ்வொரு பேஜையும் லாக் பண்ண பிறகு நம்பர் அதேதானான்னு பாக்கணும், மாறியிருந்தா மேப்பிங் ஸ்டேல், அதாவது காலாவதி, அங்கயே நிறுத்திட்டு புதுசா கேட்டு வாங்கி தொடரணும். சரியான வழி. ஆனா அங்கயே நிறுத்தறதுன்னா ஃபைல் சிஸ்டம் பார்வையில அது பாதியில நின்ன ரைட், உடனே ரோல்பேக் கோடு ஓடும். எப்பவோ ஒரு தடவை ஓடிட்டு இருந்த பாதை இப்ப லோட் இருக்கற மெஷின்ல சாதாரணமா ஓட ஆரம்பிச்சுடும். அப்பதான் அந்த பாதையே உடைஞ்சு கிடக்குன்னு தெரிஞ்சுது. எம்மேப்பும் ரைட்டும் ஒரே பேஜ்ல மோதற ஜெனரிக் 346ங்கற டெஸ்ட்ட ஓட்டிக்கிட்டு ரைட்ட அங்கங்க வேணும்னே ஃபெயில் பண்ணா ஃபைல் டேட்டா கெட்டு போகுது. அதனால ஸ்டேல் செக்க போடறதுக்கு முன்னாடி ரோல்பேக்க சரி பண்ணியே ஆகணும்னு பேட்ச் வரிசைய அப்படி அடுக்கினார். எல்லாம் சேந்து 6.2 கெர்னல்ல வந்துச்சு.

சரி பண்ண விதம். முதல்ல எல்லாத்தையும் பைட் கணக்குக்கு மாத்தினாங்க, முன்னாடி பைட்ட பிளாக் ஆக்கி, பேஜ் கேஷுக்காக மறுபடி பைட் ஆக்கின்னு போய்ட்டு வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் இந்த டெலாலாக்க இந்த ரைட்தான் புதுசா உண்டாக்குச்சான்னு ஃப்ளாக்ல பாக்கறது, இல்லன்னா எதையும் தொடாம திரும்பிடணும், இந்த செக் முன்னாடியே இருந்ததுதான். புதுசுன்னா இன்வாலிடேட் லாக்க எக்ஸ்க்ளூசிவா எடுக்கணும், இனிமே எந்த ஃபால்ட்டும் புதுசா பேஜ டர்ட்டி ஆக்க முடியாது. பேஜ் கேஷ வெட்டற வேலையே கிடையாது, அத மொத்தமா எடுத்துட்டாங்க. பதிலா அந்த ரேஞ்சுல கேஷ்ல எங்க டேட்டா இருக்கு, எங்க ஓட்டைன்னு தேடிக்கிட்டே போகுது. டேட்டா இருக்கற பகுதியில ஒவ்வொரு ஃபோலியோவா (ஒண்ணோ பல பேஜோ சேந்த கட்டு) லாக் பண்ணி டர்ட்டியான்னு பாக்கும். டர்ட்டின்னா அதுக்கு முன்னாடி வரைக்கும் இருக்கற டெலாலாக்க பன்ச் பண்ணிட்டு, இந்த ஃபோலியோவ தாண்டி அதோட முடிவுல போய் நின்னுக்கும். டர்ட்டி இல்லன்னா ஒண்ணும் பண்ணாம அடுத்ததுக்கு போகும். நம்ம உதாரணத்துல 16லேர்ந்து 20 கேபி வரைக்கும் எடுக்கும், 20லேர்ந்து 24 வரைக்கும் விட்டுடும், 24லேர்ந்து 64 வரைக்கும் எடுக்கும்.

ஃபோலியோ லாக்க வச்சுக்கிட்டு டர்ட்டிய பாக்கறது இங்க ரொம்ப முக்கியம், ஏன்னா இன்வாலிடேட் லாக் ரைட்பேக்க தடுக்காது. ரைட்பேக் டர்ட்டி பிட்ட அழிக்கறதும் பிளாக் ஒதுக்கறதும் அதே ஃபோலியோ லாக்க பிடிச்சுக்கிட்டுதான் நடக்குது, அதனால டர்ட்டி அழிஞ்சு ஆனா இன்னும் பிளாக் கிடைக்கலங்கற நடு நிலையில நாம போய் மாட்டிக்க மாட்டோம். ஒண்ணு இன்னும் டர்ட்டியா இருக்கும், இல்ல நிஜ பிளாக்கா மாறியிருக்கும், நிஜ பிளாக்க பன்ச் தொடாது. பெரிய ஃபோலியோன்னா உள்ள ஒரே ஒரு பிளாக்தான் டர்ட்டியா இருந்தாலும் மொத்த ஃபோலியோவையும் விட்டுடணும், பின்னாடி 6.6ல ஃபோலியோவுக்குள்ள பிளாக் பிளாக்கா டர்ட்டி பாக்கற வசதி வந்தப்ப இந்த ஸ்கேனையும் அதுக்கு ஏத்த மாதிரி இன்னும் நுணுக்கமாக்கினாங்க.

டெஸ்ட் பக்கம் எக்ஸ்எஃப்எஸ் டெவலப்பர் டேரிக் வாங் பண்ண ஒரு வேலைய கண்டிப்பா சொல்லணும். இந்த ரேஸெல்லாம், அதாவது ரெண்டு வேலை ஒரே நேரத்துல மோதிக்கறதெல்லாம், சில மைக்ரோசெகண்ட் ஜன்னல்ல நடக்கறது, சும்மா ஓட்டினா மாட்டாது. ரைட்டுலயும் ரைட்பேக்லயும் வேணும்னே சில மில்லிசெகண்ட் தூங்க வைக்கற டீபக் நாப் (திருகி மாத்தற மாதிரி செட்டிங்) ரெண்ட அவர் எக்ஸ்எஃப்எஸ்ல சேத்தார். ஒரு பக்கத்த தூங்க விட்டு இன்னொரு பக்கத்த ஓட விட்டா அதிர்ஷ்டத்த நம்பாம ரேஸ வரவழைக்கலாம். ரோல்பேக் கோட மாத்தறவங்க பேட்ச் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த பாதைய கட்டாயமா ஓட வைக்கற ஏதாவது ஒண்ண எழுதணும்ங்கறதுல எனக்கு மாத்து கருத்தே கிடையாது.

லினக்ஸோட இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4ல இதே பிரச்சனைக்கு வேற முகம். அங்க ரைட் ஆரம்பிக்கற இடத்துல ஃபெயில் ஆனா, ஃபைல் சைஸுக்கு அப்பால ஒதுக்கின பிளாக்க ட்ரங்கேட் பண்ணணும். ஆனா ஒதுக்கினது ஒரு ஜர்னல் ட்ரான்சாக்ஷன் (நடந்தா முழுசா நடக்கும், இல்லன்னா நடக்கவே நடக்காதுங்கற ஒரு கட்டு), ட்ரங்கேட் பண்றது வேற ட்ரான்சாக்ஷன், நடுவுல கரண்ட் போச்சுன்னா பிளாக் யாருக்கும் இல்லாம போயிடும். அதனால முதல் ட்ரான்சாக்ஷன்லயே ஐநோட ஆர்ஃபன் லிஸ்ட்ல சேத்துடுவாங்க, மெஷின் திரும்ப வந்து மவுண்ட் பண்றப்ப அந்த லிஸ்ட்ட பாத்து மீதி வேலைய முடிச்சுடும். இதுல ட்ரங்கேட்டே ஆரம்பத்துல ஃபெயில் ஆயிடுச்சுன்னா ஐநோட் மெமரியில இருக்கற ஆர்ஃபன் லிஸ்ட்லயே தங்கிடும், அத கையால எடுத்து விட ஒரு வரி தனியா இருக்கு. அந்த ஒரு வரி இல்லன்னா அப்போதைக்கு ஒண்ணும் ஆகாது, அன்மவுண்ட் பண்றப்ப ஆர்ஃபன் லிஸ்ட் காலியா இருக்கணும்ங்கற அசர்ட்ல போய் கெர்னல் விழும். அதே கதைதான், ட்ரேஸ்ல அன்மவுண்ட் தெரியும், ரைட் தெரியாது.

6.2ல சேத்த அந்த இன்வாலிடேட் லாக் பின்னாடி தனியா ஒரு பக் குடுத்துச்சு. ஃபைலோட ஒரு பகுதிய ஸீரோ ஆக்கற வேலையும், ரீஃப்லிங்க்ல (ரெண்டு ஃபைல் ஒரே பிளாக்க பகிர்ந்துக்கறது) ஷேர் ஆன பிளாக்க பிரிக்கற வேலையும் இதே ஐஓமேப் பாதையிலதான் வருது, ஆனா எக்ஸ்எஃப்எஸ்ல அந்த ரெண்டும் இன்வாலிடேட் லாக்க ஏற்கனவே எடுத்துட்டுதான் உள்ள வருது. அது பாதியில நின்னா ரோல்பேக் ஓடும், ரோல்பேக் அதே லாக்க மறுபடி எக்ஸ்க்ளூசிவா கேக்கும், தன் கையில இருக்கற லாக்குக்காக தானே காத்துக்கிட்டு த்ரெட் தொங்கிடும். கிராஷ் கிடையாது, டி ஸ்டேட்ல (எழுப்ப முடியாத காத்திருப்பு) ஒரு ப்ராசஸ், அப்புறம் அந்த ஃபைல தொடற ஒவ்வொண்ணா வந்து பின்னாடி வரிசையில நிக்கும். 2024ல எக்ஸ்எஃப்எஸ் டெவலப்பர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் இத சரி பண்ணார், வந்திருக்கறது ஸீரோ வேலையா அன்ஷேர் வேலையான்னு ஃப்ளாக்ல பாத்து, ஆமான்னா லாக்க திரும்ப எடுக்காம விட்டுடறது. ஐஓமேப்ப புதுசா யூஸ் பண்ண போற ஃபைல் சிஸ்டம் எழுதறவங்க முதல்ல பாக்க வேண்டியது இதத்தான், தன்னோட ரைட் ஃபெயில் ஆகி க்ளீனப் ஓடற நேரத்துல கையில எந்தெந்த லாக் இருக்கும்ங்கறது ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியா தெரிஞ்சிருக்கணும்.